நாக்கு இடறும் இடம்

மாசிலாமணியின் வலது காது மட்டும் தெரிந்தது. காதுக்கு முன்னால் நரைத்த கிருதா, பின்னால் புத்தகத் திருவிழாக் கொட்டகையின் இரும்புத் தூண், தூணில் சுற்றிய பச்சைத் துணி, எல்லாம் துலக்கமாகவே தெரிந்தன. முகம் இருக்க வேண்டிய இடத்தில்தான், ஈரக் கட்டைவிரலை மை எழுத்தில் அழுத்தித் தேய்த்த மாதிரி ஒரு சாம்பல் கறை. ஆறுமுகநயினார் தலையைக் கொஞ்சம் திருப்பிப் பார்த்தார், கறையும் கூடவே திரும்பியது. எதைப் பார்க்கிறாரோ அது போய்விடும், பார்க்காதது மட்டும் மிச்சம் இருக்கும். இதை ஒரு கதாபாத்திரத்துக்குக் கொடுத்திருந்தால் ரொம்பவும் யோசித்துச் செய்தது போலிருக்கிறது, அந்த வரியை அடித்துவிடும் என்று மாசிலாமணியே சொல்லியிருப்பான் என்று நினைத்துக்கொண்டார். மேடைக்கு எதிரே இரண்டு கல்லூரிப் பேருந்துகளில் கொண்டுவந்து இறக்கிய பிள்ளைகள். அவர்களும் ஓரங்களில் மட்டும் தெரிந்தார்கள், நடுவில் உட்கார்ந்திருந்தவர்களைக் கறை விழுங்கியிருந்தது. மத்தியானம் மூன்று மணி வெயிலில் தகரம் டப் டப்பென்று வெடித்தது. எங்கிருந்தோ டெல்லி அப்பளம் பொரிக்கிற எண்ணெய் வாசனை. அவர் மடியில் அவருடைய நாவல் இருந்தது, 'லெவல் கிராசிங் எண் நாற்பத்துமூன்று', ஏழாம் பதிப்பு. அதில் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஹெலன் ஒரு காகிதக் கீற்றைச் செருகிக் கொடுத்திருந்தாள். உரையாடல் முடிந்ததும் ஆளுக்கு இரண்டு பக்கம் வாசிக்க வேண்டும். அந்த இரண்டு பக்கத்தில் ஓர் எழுத்தைக்கூட அவரால் படிக்க முடியாது. இது அவரையும் கண் டாக்டரையும் தவிர யாருக்கும் தெரியாது.

"மாசிலாமணி சார், உங்க கிட்ட ஆரம்பிக்கிறேன்" என்றாள் ஹெலன். உள்ளூர்க் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவள், கூட்டத்தை நடத்துவதும் அவள்தான். "ஒரு நாவல் முடிஞ்சிடுச்சுன்னு உங்களுக்கு எப்ப தெரியும்?"

"எனக்கு எங்கே தெரியும்? இவர் சொல்லுவார்." மாசிலாமணி கையைக் காட்டியிருக்க வேண்டும், சட்டைக்கை அசைந்தது. "நயினார் சார் சொல்லுவார்."

சார். மேடைக்காகச் சொன்னதில்லை அது. கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் டீ குடிக்கும்போதே அப்படித்தான் ஆரம்பித்தான். வாங்க சார், சர்க்கரை போடலாமா சார். முப்பது வருடப் பழக்கத்தில் நயினாரை அவன் வே என்று கூப்பிட்டிருக்கிறான், மூதேவி என்று கூப்பிட்டிருக்கிறான், கோபம் தலைக்கேறினால் ஆறுமுகம் என்று பாதிப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறான். சார் என்று ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. கதவைச் சத்தம் வராமல் சாத்துகிறவன் மாதிரி அவன் அந்தச் சொல்லைச் சொன்னான். காரணம் நயினாருக்குத் தெரியும். காரணம் வீட்டில் எழுதுகிற மேசைமேல் ஒரு மஞ்சள் பையில் இருக்கிறது, முன்னூற்று நாற்பது பக்கம், மாசிலாமணியின் கிறுக்கல் எழுத்தில், அவனுடைய புது நாவல். நான்கு மாதமாக அங்கேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் இருவருக்கும் ஒரு வழக்கம் உண்டு. எழுதியவன் தன் எழுத்தைத் தானே வாசிக்கக் கூடாது. மற்றவன் சத்தம் போட்டு வாசிப்பான், எழுதியவன் எதிரே உட்கார்ந்து காதால் மட்டும் கேட்பான். வாசிக்கிறவனுக்கு நாக்கு இடறினால் அவனே ஓரத்தில் ஒரு புள்ளி வைப்பான். கேட்கிறவனுக்கு எங்கேயாவது உறுத்தினால் விரல் முட்டியால் மேசையில் ஒரு தட்டு, அங்கேயும் ஒரு புள்ளி. ஏன் என்று யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. எழுதியவன் வாசித்தால் நாக்கு இடறாது, அவனுக்கு எல்லாம் வழுக்கிக்கொண்டு போகும், அதனால்தான் இந்த ஏற்பாடு. இன்னொன்றும் உண்டு. 'நல்லாருக்கு' என்று மட்டும் சொல்லக் கூடாது. அதைச் சொல்ல சொந்தக்காரன் போதுமே, நீரு எதுக்குவே என்பான் மாசிலாமணி. ஆடி மாதத்தில், முன்பே கெட்டுப்போன இடது கண்ணோடு வலது கண்ணும் சேர்ந்துகொண்டபோது நயினார் முதல் ஞாயிறு காய்ச்சல் என்றார். இரண்டாம் ஞாயிறு மகள் வீட்டுக்குப் போகிறேன் என்றார். மூன்றாம் ஞாயிறு, பையை இங்கேயே வையும், இந்தத் தடவை மனசுக்குள் படித்துப் பார்க்கிறேன் என்றார். ஐப்பசியில் மாசிலாமணி போனில் கேட்டான், படிச்சீரா என்று. அப்போது ஆமாம் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம், இல்லை என்றாவது சொல்லியிருக்கலாம், கண் போய்விட்டது என்றே சொல்லியிருக்கலாம், மூன்று பதிலும் வாயில் தயாராகத்தான் இருந்தன. படிச்சேன், நல்லாருக்கு என்றார். சரி சார் என்றான் மாசிலாமணி. இல்லை, அன்றைக்கு சார் என்று சொல்லவில்லை. சரி என்றுதான் சொன்னான். சார் என்பது நினைவு இப்போது தானாகச் சேர்த்துக்கொண்டது. நினைவும் திருத்தி எழுதுகிற ஜாதிதான்.

"நமக்கு வேண்டியவங்க நம்ம எழுத்தைக் குறை சொல்லுற வரைக்கும் நாம எழுத்தாளன்" என்று மாசிலாமணி சொல்லிக்கொண்டிருந்தான். "என்னைக்கு அவங்க நல்லாருக்குன்னு சொல்லுதாங்களோ, அன்னைக்கு நம்மளை வழியனுப்பி வச்சுட்டாங்கன்னு அர்த்தம். கையைத் தட்டாதீங்கம்மா, நான் தத்துவம் சொல்லலை. நடந்ததைச் சொல்லுதேன்."

பிள்ளைகள் அதற்கும் கை தட்டினார்கள். "வழியை மறித்து நிற்கும் வெள்ளை நிறக் காரின் உரிமையாளர் உடனடியாக நுழைவாயிலுக்கு வரவும்" என்று ஒலிபெருக்கி சொன்னது.

நயினார் காகிதக் கீற்றை விரலால் தடவினார். அந்த இடம் அவருக்கு மனப்பாடம், அதை நம்பித்தான் வந்தார். ஹெலன் போனில் கேட்டபோது முடியாது என்று சொல்ல ஒரு காரணம் தேவைப்பட்டது, முடியும் என்று சொல்ல எதுவும் தேவைப்படவில்லை. நாவலின் மூன்றாவது பகுதி. கேட் கீப்பர் பிச்சையாவின் மகள் கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை வீட்டுக்குக் காரில் போகிறாள். அந்தக் கார் அவன் கேட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒரு வாரமாகத் தினமும் காலையில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு நின்று சொல்லிப் பார்த்தார், தங்குதடையில்லாமல் வந்தது. வந்தது அவர் குரலில் இல்லை. மாசிலாமணியின் குரலில் வந்தது, வாக்கியத்துக்கு நடுவில் அவன் தொண்டையைச் செருமுகிற செருமலோடு. அவருடைய புத்தகங்கள் எல்லாமே அவருக்குள் அந்தக் குரலில்தான் இருக்கின்றன. அச்சாகி வந்த புத்தகத்தை அவர் திறந்து பார்ப்பதில்லை, வழக்கமே கிடையாது. கையெழுத்துப் பிரதியைக் கேட்டதோடு சரி. திரும்பவும் முதலிலிருந்து சொல்லிப் பார்க்கலாமா? பிச்சையா கேட்டை மூன்று நிமிடம் முன்னதாகவே அடைத்தான். வெள்ளை அம்பாசிடர் வந்து நின்றது. இந்த வாக்கியத்தில் மாசிலாமணி இடறி ஒரு புள்ளி வைத்தான், முதலில் 'வெண்ணிற வாடகை அம்பாசிடர்' என்று இருந்தது. அப்புறம் கனகாம்பரம். அப்புறம் அந்த ஏழு நிமிடம். இந்த நாவலில் ஒரே ஒரு பத்திக்காக மட்டும் மூன்று ஞாயிறு சண்டை நடந்தது, எட்டு வரி, மாசிலாமணி அதை எடுத்தே தீர வேண்டும் என்றான், நயினார் முடியாது என்றார், கடைசியில் மாசிலாமணி சாப்பிடாமல் எழுந்து போனான், நயினார் எடுத்துவிட்டார். எடுத்தது சரிதான் என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். மனசுக்குள் சரி என்று ஒரு நாளும் ஒப்புக்கொண்டதில்லை. கண் ஆஸ்பத்திரியில், கோடு வளைஞ்சு தெரியுதா சார் என்று கேட்டாள் டாக்டர். சின்னப் பெண். கட்டம் போட்ட ஓர் அட்டையைக் கையில் கொடுத்து நடுப்புள்ளியைப் பார்க்கச் சொன்னாள். வளையலைம்மா, நடுவில் கோடே இல்லை, யாரோ அழித்துவிட்டார்கள் என்றார். அவள் சிரிக்கவில்லை. ஓரப் பார்வை இருக்கும் சார், நடமாட்டத்துக்குப் பயமில்லை, படிக்கிறது எழுதுறது மட்டும்தான் என்றாள். மட்டும்தான். அந்தச் சொல்லுக்கு அவர் மேசையில் தட்டியிருக்க வேண்டும்.

"நயினார் ஐயா." ஹெலன் குரல். ரொம்ப நேரமாகக் கூப்பிட்டிருப்பாள் போலிருக்கிறது. "ஒரு மாணவி உங்ககிட்ட கேள்வி கேக்கணுமாம்."

"சார்," என்றது வலது ஓரத்தில் ஒரு மஞ்சள் சுடிதார், "பிச்சையான்னு ஒருத்தர் நிஜமாவே இருந்தாரா?"

"ஒருத்தர் இருந்தார். அவருக்கு மகள் கிடையாது, மூணும் பையன்."

சிரிப்பு.

"அப்ப அந்த மகள் எங்கேருந்து வந்தா சார்?"

"கேட்டை மூடிப்போட்டுட்டு அந்தப் பக்கம் யார் நின்னா இவனுக்கு வலிக்கும்னு யோசிச்சேன். அவ வந்து நின்னா. முகம் தெரியலை. பூ மட்டும்தான் தெரிஞ்சுது. அதனால பூவை மட்டும் எழுதினேன்." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. மாசிலாமணியின் பக்கம் அவர் திரும்பவில்லை. திரும்பினாலும் முகம் கிடைக்காது.

இவனிடம் சொல்வதில் என்னதான் வில்லங்கம்? இந்தக் கேள்வியை நான்கு மாதமாக மேசைமேல் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பரிதாபப்படுவான் என்றா? மாசிலாமணி பரிதாபப்படுகிற ஆளில்லை, பெஞ்சாதி செத்த பதினாறாம் நாள் காரியத்தில் வந்தவர்களிடம் இட்லி கல்லு மாதிரி இருக்கு, பார்த்துச் சாப்பிடுங்க என்று சொன்னவன். சிறப்பிதழ் போடுவார்கள், சால்வை போர்த்துவார்கள், பார்வை இழந்த பின்னும் என்று கட்டுரை எழுதுவார்கள், அதற்காகவா? அதுவும் இல்லை, அதையெல்லாம் வேடிக்கை பார்க்கலாம். அந்த ஆளை, அதாவது தன்னை, ஒரு கதைக்குள் வைத்துப் பார்த்தால் அவன் ஏன் வாயைத் திறக்க மாட்டான்? இங்கே வந்து ஒவ்வொரு முறையும் யோசனை முட்டிக்கொண்டு நிற்கும். ஞாயிற்றுக்கிழமை என்பது இரண்டு பேர் வாசிப்பது. ஒருவன் வாசிக்க முடியாதவன் என்று ஆகிவிட்டால் மற்றவன் வந்து வாசித்துவிட்டுப் போவான், பழங்கணக்கை நினைத்து வருவான், மழை பெய்தாலும் வருவான்; ஆனால் தன் நாவலை வேறு யாரிடமாவது கொடுக்க வேண்டியிருக்கும். திருச்செந்தூர் ரோட்டில் இருக்கிற ஒரு தமிழ் வாத்தியாரிடம் கொடுப்பான். அவர் நன்றாக வாசிப்பார், நிறுத்தி நிதானமாக, ஏற்ற இறக்கத்தோடு வாசிப்பார். மாசிலாமணியின் வாக்கியத்துக்கு ஏற்ற இறக்கம் ஆகாது, அதைச் சும்மா நடந்து கடக்க வேண்டும் என்று அவருக்கு யார் சொல்வது? இதுதான். பயம் கண்ணைப் பற்றியது இல்லை. அவன் எழுத்தைத் தன் வாயால் இனி சொல்ல முடியாது என்பதும், அதை இன்னொரு வாய் சொல்லும் என்பதும்தான். அறுபத்திரண்டு வயதுக்கு இது கொஞ்சம் சின்னத்தனமான காரணம். கதையில் வைத்தால் நம்புவார்கள், சின்னத்தனமான காரணங்களை யாரும் சந்தேகப்படுவதில்லை. நல்லாருக்கு என்ற பொய்யைவிட உண்மை மோசமாக இருந்தது, அதனால் பொய்யைச் சொன்னார். அதனால் அவன் இன்று சார் என்கிறான். இன்று கூட்டம் முடிந்ததும் பையைத் திருப்பிக் கேட்பான், ஆட்டோ பிடித்து வீட்டுக்கே வந்து எடுத்துக்கொண்டு போவான், நன்றி சார் என்பான். அதோடு முடிந்தது. அது நடப்பதற்கு இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது. இருபது நிமிடத்துக்கு யாரும் எதையும் எடுத்துக்கொண்டு போக முடியாது.

"இப்ப நயினார் ஐயா அவங்க நாவல்லேருந்து வாசிப்பாங்க."

புத்தகத்தைக் கீற்று இருந்த இடத்தில் விரித்து, வாசிக்கிறவர்கள் பிடிக்கிற உயரத்தில் பிடித்தார். கறைக்குள் பக்கம் முழுக்க மறைந்தது, ஓரத்து வெள்ளை மட்டும் சட்டம் போட்ட மாதிரி சுற்றி நின்றது. கண்ணை வரிக்கு வரி இடமிருந்து வலம் நகர்த்த வேண்டும், அதையும் பழகி வைத்திருந்தார்.

"பிச்சையா கேட்டை மூன்று நிமிடம் முன்னதாகவே அடைத்தான். வெள்ளை அம்பாசிடர் வந்து நின்றது. பின்சீட்டில் மகள். தலை கொள்ளாமல் கனகாம்பரம். ரயில் இன்னும் முந்தின ஸ்டேஷனை விட்டே கிளம்பியிருக்காது." செருமல் வர வேண்டிய இடம், அவர் செருமவில்லை, ஒரு நொடி விட்டார். "ஏழு நிமிடம். ஏழு நிமிடத்துக்கு அவளை யாரும் எங்கேயும் கொண்டுபோக முடியாது."

அந்த வரியை யார் எங்கே வாசித்தாலும் கூட்டம் இப்படித்தான் அடங்கும். குரல் அவருக்குள் மேலே போய்க்கொண்டிருந்தது, அவர் அதன் பின்னால் போனார்.

"மகள் அவனைப் பார்க்கவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு, கேட்டு ஓரத்தில் நெல்லிக்காய் விற்கிறவளிடம் விலை கேட்டாள். பேரம் பேசினாள். ஒரு கூறு வாங்கினாள். ஒன்றைக் கடித்துவிட்டுப் புளிப்பில் கண்ணை இறுக மூடிக்கொண்டு சிரித்தாள்."

முன்வரிசையில் யாரோ ஒரு பெண் பல் கூசி ஸ்ஸ் என்று உறிஞ்சினாள். அந்தச் சத்தத்தில்தான் நயினாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தப் பத்தி புத்தகத்தில் இல்லை. இருபத்தோரு வருடத்துக்கு முன்னால் எடுத்த எட்டு வரி இதுதான், அப்பனைத் திரும்பிக்கூடப் பாக்காதவளா ஆக்கி மகளை நீரு கொன்னே போட்டீரேவே என்று மாசிலாமணி கத்திய இடம். மாசிலாமணியின் குரலுக்குள் அது வெட்டப்படாமலே இருந்திருக்கிறது, ஏனென்றால் அவன் வாசித்த அன்று அது இருந்தது. வாய் நிற்கவில்லை. நின்றால் பார்க்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும். "அப்பா கொடியும் கையுமாகப் பத்தடி தூரத்தில் நிற்பது அவளுக்குத் தெரியும். தினமும் அங்கே நிற்கிற கேட்டுதானே, கொடிதானே." முடிந்தது. அடுத்த வரி, ரயில் போனது. அது அடுத்த பக்கத்தில் இருக்குமா, இதே பக்கத்தில் இருக்குமா? இத்தனை நேரம் ஒரு பக்கத்திலேயே நிற்கலாமா? அச்சான புத்தகத்தில் எந்த வரி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியவே தெரியாது. ஒரு வாரம் சொல்லிப் பார்த்தபோது பக்கம் திருப்ப வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை, ஈரத் துண்டுக்குப் பக்கம் கிடையாது. கையைத் தூக்கலாமா என்று யோசித்தார். பயம் வரும் என்று எதிர்பார்த்தார். கண்ணுக்குள் டாக்டரின் கட்டம் போட்ட அட்டைதான் வந்தது.

இடது பக்கமிருந்து ஒரு கை வந்தது. கறைக்கு வெளியே, ஓரத்தில், ஆள்காட்டி விரலில் மைக்கறையோடு ஒரு கை தெளிவாகத் தெரிந்தது. அது தாளின் மூலையைப் பிடித்துப் பக்கத்தைத் திருப்பிவிட்டு, அவருடைய கட்டைவிரலைத் தூக்கித் தாள்மேல் வைத்து, போய்விட்டது. கூட்டத்துக்கு அது நட்பாகத் தெரிந்திருக்க வேண்டும், கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்குள் மாசிலாமணி குனிந்தான்.

"எம்புட்டு நாளாவே?"

"ஆடியிலேருந்து."

"நல்லாருக்குன்னீரே."

"படிக்கலை."

மூச்சுவிடுகிற சத்தம் காதுக்குப் பக்கத்தில் கேட்டது, டீ வாசனையோடு. "மூதேவி" என்றான் மாசிலாமணி. பிறகு, "அந்தப் பத்தி இப்பவும் வேண்டாம்தான்வே."

நயினார் மீதியைச் சொல்லி முடித்தார். ரயில் போனது, பிச்சையா சக்கரத்தைச் சுற்றினான், கேட்டு எழுந்தது. புத்தகத்தை மூடினார். அதன்மேல் வைத்த வலது கையைப் பார்த்தார், பார்த்ததும் கையும் கறைக்குள் போனது.

"அடுத்து மாசிலாமணி சார்."

"நான் இப்ப எழுதிட்டிருக்கிற நாவல்லேருந்து வாசிக்கேன்" என்றான் மாசிலாமணி. "இது மொத்தமும் ஒரு மஞ்சப் பையில ஒருத்தர் வீட்டுல தூங்குது. இது ஜெராக்ஸ். ஒரு விஷயம் சொல்லிப்புடுதேன். என் எழுத்தை நானே சத்தமா வாசிக்கிறது இதுதான் முதல் தடவை. எங்க வழக்கத்துக்கு விரோதம். தப்பிருந்தா கேக்கிறவங்க தட்டணும்." கடைசி வாக்கியத்தை மைக்கிலிருந்து வாயை விலக்கி, வலது பக்கமாகச் சொன்னான்.

தாள்கள் சரசரத்தன. நயினார் கண்ணை மூடிக்கொண்டார். மூடினால் கறை இல்லை, அது ஒரு வசதி. ஞாயிற்றுக்கிழமை வெளிச்சம் இல்லை, எதிரே மேசைக்கு மேல் பிளாஸ்டிக் பூ, தண்ணீர் பாட்டில், ஒலிபெருக்கியில் வெள்ளைக் கார். இருந்தாலும் குரல் அதே குரல்தான். ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர், வீட்டுக் கூடத்தில் ஆணியில் தொங்குகிற தன் விசிலை எடுத்துத் துடைக்கிறார். பேத்தி கேட்கிறாள் என்று ஒரு முறை ஊதிக் காட்டுகிறார். அடுக்களையில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த மருமகள் சட்டென்று கையை நிறுத்திவிடுகிறாள். இதுவரைக்கும் நன்றாக நடந்து வந்தது. மருமகள் நின்றது, கையில் சாம்பலோடு நின்றது, பிரமாதம், இதையா நான்கு மாதமாகப் பையில் வைத்திருந்தோம் என்று நயினார் நினைத்தபோது மாசிலாமணி அடுத்த வரியை வாசித்தான். "அந்த ஓர் ஊதலில் அவருடைய முப்பது வருட வாழ்க்கையும் இருந்தது."

நயினார் விரல் முட்டியால் மேசையில் ஒரு தட்டுத் தட்டினார்.

மேசையில் மைக் இருந்தது. அந்தத் தட்டு கொட்டகை முழுக்க விழுந்தது. நயினார் கண்ணைத் திறந்தார், ஓரத்தில் தூணில் சாய்ந்திருந்த போலீஸ்காரர் நிமிர்ந்து நின்றார். ஹெலன், "ஐயா, ஏதாவது வேணுமா?" என்றாள். மாசிலாமணி நிறுத்திவிட்டான். பேனா மூடி திறக்கிற சத்தம் மைக்கில் கேட்டது, பிறகு தாளில் நிப்பு ஒரு முறை ஊன்றி எடுக்கிற சத்தம். பிள்ளைகள் என்ன நடக்கிறது என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், இடது ஓரத்தில் நாலைந்து தலைகள் திரும்பின.

மாசிலாமணி அந்த வரியை விட்டுவிட்டு அடுத்ததை எடுத்தான். மருமகள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து யாரும் இறங்குகிறார்களா என்று பார்க்கிறாள். சின்ன வாக்கியம், சாதாரணச் சொற்கள், கல் இல்லை, முள் இல்லை. 'இறங்குகிறார்களா' என்ற இடத்தில் அவன் நாக்கு இடறியது. மறுபடி ஆரம்பித்தான், அதே இடத்தில் மறுபடியும் இடறியது, தொண்டையைச் செருமினான். வாக்கியத்தில் ஒரு குறையும் இல்லை, இடறியது அவன்தான். நயினார் தட்டவில்லை.